15,000 ரூபாய்க்குள் சீன ஸ்மார்ட்போன்: சார்ஜும் நிற்க வேண்டும், போனும் தாங்க வேண்டும்

தென்காசிப் பக்கம் ஒரு மொபைல் கடையில் சர்வீஸ் மேசை என்னுடையது. ரெட்மி, போக்கோ, ரியல்மி, ஒப்போ, விவோ, ஐக்யூ, டெக்னோ, இன்ஃபினிக்ஸ், ஐடெல் என்று மேசைக்கு வருவதில் பெரும்பாலானவை சீனப் போன்கள்தான். மோட்டோரோலாவும் 2014 முதல் லெனோவோ கையில் இருப்பதால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்க வருபவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் கேமரா, அப்புறம் ரேம், அப்புறம் நிறம், கடைசியில் பேட்டரி எண். சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்ற கேள்வி டிஸ்பிளே உடைந்த அன்றுதான் வருகிறது. கீழே இருப்பது வீட்டாருக்கும் தெரிந்தவர்களுக்கும் போன் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து எனக்குப் படிந்த வரிசை. மாற்றாமல் அப்படியே போங்கள். ஒவ்வொரு படியிலும் சில போன்கள் கழிந்துவிடும், கடைசியில் இரண்டு மூன்றுதான் மிஞ்சும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இப்போது வைத்திருக்கும் போனில் செட்டிங்ஸைத் திறந்து, டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் திரை எரிகிறது என்று பாருங்கள். ஒரு வாரத்துக்கு உள்ளதை எழுதி வையுங்கள். "சாதாரணமாத்தான் பாப்பேன்" என்று சொல்பவர்களுக்கு ஏழு மணி நேரம் வருவதை நிறைய முறை பார்த்திருக்கிறேன். மூன்று மணி நேரக்காரருக்குப் போதும் என்கிற போன் ஏழு மணி நேரக்காரருக்கு மதியமே படுத்துவிடும்.

உங்கள் சிம் எந்த நிறுவனம், வீட்டிலும் வேலை இடத்திலும் அதற்கு எத்தனை கட்டம் சிக்னல் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது ஏன் என்று 3, 4-ஆம் படிகளில் வரும்.

பட்ஜெட்டில் 1,000 முதல் 1,500 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். ஓரம் உயர்ந்த நல்ல பேக் கவர், டெம்பர் கிளாஸ், பெட்டியில் சார்ஜர் இல்லை என்றால் சார்ஜர், எல்லாம் அதில்தான். 15,000 இருக்கிறது என்று 14,999 ரூபாய் போனை எடுத்துவிட்டு, கவர் இல்லாமல் முதல் வாரத்திலேயே கீழே போட்டவர்கள் உண்டு.

1. முதலில் சர்வீஸ் சென்டரைத் தேடுங்கள்

எந்தப் போன் என்று முடிவு செய்யும் முன்பே இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பிராண்டின் இணையதளத்திலும் பின்கோடு போட்டால் அருகில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் வரும். பஸ்ஸில் போய் அன்றே திரும்பும் தூரத்தில் எந்தெந்த பிராண்டுக்கு இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். அதில் இல்லாத பிராண்டை இப்போதே அடித்துவிடலாம்.

பட்டியலோடு நிற்காமல் போன் செய்து கேளுங்கள். இந்த விலைப் பிரிவில் அதிகம் ஓடும் மாடல் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதன் பேட்டரி கையிருப்பில் இருக்கிறதா, டிஸ்பிளே மாற்ற என்ன ஆகும், எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரியுங்கள். இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு நேரில் போனால் கதவு மூடியிருப்பதும் நடக்கிறது. உதிரி பாக விலைப் பட்டியலைத் தங்கள் தளத்திலேயே போடும் பிராண்டுகள் இருக்கின்றன. டிஸ்பிளே விலை போன் விலையில் பாதியைத் தொட்டால் அந்த மாடலை நான் யாருக்கும் சொல்வதில்லை.

போன வருடம் என் சித்தப்பா மகள் சலுகை விலையில் ஒரு போன் எடுத்தாள். நாலாவது மாதம் டிஸ்பிளே போனது. அந்த பிராண்டுக்கு எங்கள் பக்கத்தில் சென்டர் இல்லாததால் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. அங்கே பாகம் இல்லை என்று மூன்று வாரம் காத்திருக்க வைத்தார்கள். கல்லூரி ஹால் டிக்கெட், பஸ் பாஸ், பேங்க் ஓடிபி எல்லாம் அந்த போனுக்குள். சலுகையில் மிச்சமான பணத்தைவிட அந்த மூன்று வாரம் அவளுக்குப் பெரிது.

2. பெயரைப் பார்க்காமல் மாடலைப் பாருங்கள்

ரெட்மியும் போக்கோவும் ஷாவ்மி வீட்டுப் பிள்ளைகள். டெக்னோ, இன்ஃபினிக்ஸ், ஐடெல் மூன்றும் டிரான்ஷன் நிறுவனத்தின் பெயர்கள். ஒரே வீட்டுப் போன் இரண்டு பெயரில் வருவது சகஜம். 2023-இல் வந்த ரெட்மி 12 5ஜியும் போக்கோ எம்6 ப்ரோ 5ஜியும் உள்ளே ஏறக்குறைய ஒரே போன். இப்படி இருந்தால் விலை குறைந்ததை எடுங்கள், இழப்பு எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. ரெட்மி 13சி என்று ஒன்று, ரெட்மி 13சி 5ஜி என்று இன்னொன்று. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவதில் ஹீலியோ ஜி85, இரண்டாவதில் டைமென்சிட்டி 6100 பிளஸ், வேறு வேறு சிப். நண்பர் வைத்திருப்பது ஒன்று, கடைக்காரர் எடுத்து நீட்டுவது மற்றொன்று. அதனால் முழுப் பெயரையும், 4ஜியா 5ஜியா என்பதையும், ரேம் எவ்வளவு ஸ்டோரேஜ் எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

3. பேட்டரி எண்ணுக்கு முன்னால் சிப்பைப் பாருங்கள்

பேட்டரி ஒரு குடம் என்றால் சிப் அதிலிருந்து தண்ணீர் மொள்ளும் கை. எவ்வளவு பெரிய குடம் என்று எல்லோரும் கேட்கிறார்கள், கை எவ்வளவு மொள்ளுகிறது என்று கேட்பதில்லை.

இங்கே பார்க்க வேண்டியது நானோமீட்டர் எண், அதாவது சிப் எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதன் அளவு. எண் சிறியதானால் அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம் போதும், சூடும் குறையும். ஹீலியோ ஜி85, யூனிசாக் டி606 இரண்டும் 12 நானோமீட்டர். ஹீலியோ ஜி99, டைமென்சிட்டி 6300 இரண்டும் 6. ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2, டைமென்சிட்டி 7300 இரண்டும் 4. ஒரே 5000 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவின் அலகு) பேட்டரியோடு 12 நானோமீட்டர் போனும் 6 நானோமீட்டர் போனும் இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். மூன்று மணி நேரம் வீடியோ பார்த்த பிறகு போனின் முதுகைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

5ஜி என்று பெட்டியில் போட்டிருப்பதாலேயே உங்கள் சிம்மில் 5ஜி வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜியில் இருக்கும் ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப், எஸ்ஏ வகை 5ஜியை (4ஜியின் துணை இல்லாமல் தனியே ஓடுவது) மட்டுமே ஏற்கும். ஜியோ அந்த வகையில் ஓடியது, ஏர்டெல் அப்போது 4ஜியின் துணையோடு ஓடும் என்எஸ்ஏ வகையில் ஓடியது. விளைவு, ஏர்டெல் சிம் போட்டவர்களுக்கு 5ஜி போனில் 4ஜிதான் கிடைத்தது. ஆக, எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் இருக்கிறதா என்று விவரப் பக்கத்தில் பாருங்கள். பேண்டு, அதாவது அலைவரிசைப் பட்டியலில் என்78 கட்டாயம் இருக்க வேண்டும். ஜியோ சிம் என்றால் என்28-உம் இருக்கட்டும், கட்டடத்துக்குள் சிக்னல் நுழைய அது உதவும்.

ரேம் 6 ஜிபியாவது இருக்கட்டும். ரேம் போதாத போனில் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பினால் முதலாவது மறுபடி தொடக்கத்திலிருந்து திறக்கும். ஒவ்வொரு திறப்பும் சார்ஜைத் தின்னும். "8 பிளஸ் 8" என்று எழுதியிருந்தால் உண்மையான ரேம் 8 மட்டுமே. மற்ற 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, அதற்கு ரேமின் வேகம் கிடையாது. ஸ்டோரேஜ் 128 ஜிபி, வகை யூஎஃப்எஸ் 2.2 என்று இருந்தால் நல்லது. அதைவிட மெதுவான பழைய வகையான இஎம்எம்சி என்றால் ஒன்றரை வருடத்தில் "ஹாங் ஆகுது" என்று என் மேசைக்கு வந்துவிடும்.

4. இப்போது பேட்டரி

இந்த விலையில் 5000 எம்ஏஎச் என்பது அடிப்படை. 2025-இல் வந்த ரெட்மி 15 5ஜி போன்றவை 7000 வரை போய்விட்டன. ஆனோடில் (பேட்டரியின் ஒரு முனை) சிலிக்கான் கலந்த பேட்டரிகள் வந்ததால் அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் அடைக்க முடிகிறது. பெரிய பேட்டரி என்றால் எடையும் 200 கிராமைத் தாண்டிவிடும். கையில் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். கனமான போன் கைநழுவ வாய்ப்பு அதிகம், விழுந்தால் அடியும் பலம்.

விளம்பரத்தில் வரும் எண் சராசரிக் கொள்ளளவு. பேட்டரியின் மேல் ரேட்டட் என்று சற்றுக் குறைந்த எண் ஒன்று இருக்கும், அது குறைந்தபட்ச உத்தரவாதம். 5000 என்று விற்ற போனைத் திறந்து 4900-க்கு அருகில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுபவர்கள் இருக்கிறார்கள். அது ஏமாற்று இல்லை.

சார்ஜிங் வேகத்தில் பேராசை வேண்டாம். 5000 எம்ஏஎச்சுக்கு 18 வாட் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல், 33 வாட் என்றால் சுமார் ஒன்றேகால் மணி நேரம். அதற்கு மேல் போவது வசதி, தேவை இல்லை. லித்தியம் பேட்டரிக்கு எதிரி சூடு. வெயில் காலத்தில் ஓட்டு வீட்டில், கவர் போட்டு, கேம் விளையாடிக்கொண்டே வேக சார்ஜ் போட்டால் ஒரு வருடத்திலேயே பேட்டரி தளர்ந்துவிடும்.

பெட்டியில் சார்ஜர் இருக்கிறதா, எத்தனை வாட் என்று கேளுங்கள். 33 வாட் தாங்கும் போனுக்குப் பெட்டியில் குறைந்த வாட் சார்ஜர் வருவதும் உண்டு, சார்ஜரே வராததும் உண்டு. இந்த பிராண்டுகளின் வேக சார்ஜிங் பெரும்பாலும் அவரவர் சொந்த முறை. ஒரு பிராண்டின் 67 வாட் சார்ஜரை இன்னொரு பிராண்டு போனில் செருகினால் பல நேரம் மெதுவாகத்தான் ஏறும்.

இனி சிக்னல். என் அத்தை வீடு மலையடிவாரத்தில். புதுப் போன் வாங்கி ஒரு வாரத்தில் "காலைல நூறு இருந்துச்சு, மத்தியானம் முப்பதுதான் இருக்கு, ஏதோ கோளாறு" என்று எடுத்து வந்தார். என் மேசையில் இரண்டு நாள் வைத்திருந்தேன், சார்ஜ் அசையவே இல்லை. அப்புறம் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அடுக்களையில் ஒரு கட்டம், சில நேரம் அதுவும் இல்லை. போன் நாள் முழுக்க முழு பலத்தோடு டவரைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டில் இருந்த வைஃபையில் வைஃபை காலிங்கை, அதாவது டவர் இல்லாமல் வைஃபை வழியே பேசும் வசதியைப் போட்டுவிட்டு, நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றினேன். அன்று இரவு 58 இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் எந்த எண்ணைப் பார்த்து வாங்கினாலும், முதலில் சிம்மையும் வைஃபையையும் சரி செய்யாவிட்டால் பலன் இல்லை.

5. திரை

அமோலெட் திரை பார்க்க அழகு, கறுப்புப் பின்னணியில் சார்ஜும் மிச்சம். ஆனால் உடைந்தால் செலவு அதிகம். எல்சிடி காம்போ (திரையும் டச்சும் சேர்ந்த பாகம்) அதில் பாதி விலைக்குக் கிடைத்துவிடும். வெளிக்கடைகளில் அமோலெட்டுக்குப் பதிலாக இன்செல் எனப்படும் எல்சிடி நகலை மாட்டி அனுப்புவதும் நடக்கிறது. அது ஒரிஜினலைவிடத் தடிமனானது, வெளிச்சம் மங்கலானது. போனைக் கீழே போடும் பழக்கம் உள்ளவர், சிறு பிள்ளைகள் கையில் போன் போகும் வீடு என்றால் எல்சிடியே எடுங்கள். ஓரம் வளைந்த திரை வேண்டவே வேண்டாம். டெம்பர் சரியாக ஒட்டாது, விழுந்தால் முதல் அடியும் அந்த வளைவில்தான்.

6. கட்டு எப்படி என்று கையால் பாருங்கள்

இதற்குக் கடைக்கு நேரில் போக வேண்டும். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும் கடையில் வைத்திருக்கும் டெமோ போனைப் பார்த்துவிட்டு வாருங்கள். நூறு பேர் கைபட்டு, பலமுறை மேசையில் போடப்பட்டு, நாள் முழுக்க சார்ஜில் தொங்கிக்கொண்டிருக்கும் போன் அது. நீங்கள் ஒரு வருடம் வைத்திருந்தால் எப்படி இருக்குமோ அதை இப்போதே காட்டிவிடும்.

பார்க்க வேண்டியவை இவை. பின்பக்க நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள், பள்ளம் விழுந்து "டக்" என்று சத்தம் வந்தால் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். இரு முனையையும் பிடித்து மிக லேசாக முறுக்கினால் கிறீச்சிடக் கூடாது. திரையும் ஃபிரேமும் சேரும் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், எங்கேயாவது நகம் மாட்டினால் ஒட்டு விலகத் தொடங்கியிருக்கிறது. பவர் பட்டனை இருபது முறை அமுக்குங்கள். இந்த விலையில் பல போன்களில் கைரேகை சென்சாரும் அதில்தான் இருக்கிறது, பட்டன் தளர்ந்தால் இரண்டும் போகும்.

கடைசியாக சார்ஜர் பின். சி பின்னைச் செருகும்போது "கிளிக்" என்று உட்கார வேண்டும், செருகிய பிறகு மேலும் கீழும் ஆட்டினால் சார்ஜ் அறுந்து அறுந்து வரக் கூடாது. என் மேசைக்கு டிஸ்பிளேவுக்கு அடுத்தபடியாக வருவது இந்த பின் கோளாறுதான்.

ஒரு கொத்தனார் அண்ணன் வந்தார். "தம்பி, சார்ஜ் ஏற மாட்டேங்கு" என்றார். ஓட்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் சிமெண்ட் தூசியும் வியர்வையும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஊசியால் சுரண்டச் சுரண்ட பின்னின் நாக்கே உடைந்து வந்துவிட்டது. அவர் போனில் சார்ஜிங் பின் தனியான சின்ன போர்டில் இருந்ததால் சில நூறு ரூபாயில், அரை மணி நேரத்தில் முடிந்தது. அதே வாரம் வந்த இன்னொரு போனில் பின் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. அதைச் சூடாக்கிக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை, மதர்போர்டே போகும் ஆபத்தும் உண்டு. அதனால் மாடல் பெயரோடு டியர்டவுன் (போனைப் பிரித்துக் காட்டும் வீடியோ) என்று யூடியூபில் தேடி, பின் எந்த போர்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. தூசியில் வேலை செய்பவர்களுக்கு இதைவிட முக்கியமான சோதனை வேறு இல்லை.

பின் பேனல் பிளாஸ்டிக்காக இருப்பது குறை இல்லை. கண்ணாடி முதுகு விழுந்தால் சிதறும், பிளாஸ்டிக் அடியை வாங்கிக்கொள்ளும். கேமரா மேடு மிக உயரமாக இருந்தால் அதைவிட உயரமான விளிம்புள்ள கவர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஐபி54, ஐபி64, ஐபி68 என்ற எண்களில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், மழையில் பேசிக்கொண்டே ஓடலாம், வாளிக்குள் விழுந்தால் உறுதி இல்லை. எத்தனை எண் போட்டிருந்தாலும் தண்ணீர் புகுந்தால் பொதுவாக வாரண்டி கிடைக்காது. ஒருமுறை போனைத் திறந்து பழுது பார்த்துவிட்டால் பழைய ஒட்டும் போய்விடும், அப்புறம் அந்த எண்ணை நம்பாதீர்கள். ராணுவத் தரம் என்று போட்டிருந்தால் எந்தச் சோதனை என்று தேடுங்கள். அந்தத் தர ஆவணத்தில் பல சோதனைகள் உண்டு, அவற்றில் எதைச் செய்வது என்று நிறுவனமே தேர்ந்துகொள்ளலாம்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஸ்மார்ட்போன்களுக்கு ஒரு லேபிள் கட்டாயம். எத்தனை முறை சார்ஜ் செய்யும் வரை பேட்டரி 80 சதவீதம் தாங்கும், விழுந்தால் தாங்கும் தரம் ஏ முதல் இ வரை எது, எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். உங்கள் மாடல் அங்கேயும் விற்றால் எப்ரெல் என்ற அவர்கள் பொதுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை, பேட்டரி அளவு நாட்டுக்கு நாடு மாறும். போக்கோ எஃப்7 இந்தியாவில் 7550 எம்ஏஎச், வெளிநாட்டில் 6500. ஆகவே விழும் தரத்தை அங்கே பாருங்கள், பேட்டரி அளவை இங்கே பாருங்கள்.

7. நான்கு மாதம் பழைய மாடலை எடுங்கள்

வெளியான முதல் வாரத்தில் வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் நிறுவனம் அனுப்பிய போனை ஒரு வாரம் வைத்திருந்தவர்கள் எழுதியவை. பின் தளர்வது, பேட்டரி இறங்குவது, திரையில் பச்சைக் கோடு விழுவது எல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தெரியும்.

ஷாப்பிங் தளத்தில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதைப் புதியதிலிருந்து பழையதுக்குப் படியுங்கள். நிதானமாக எழுதியிருப்பவர்கள் அவர்கள்தான். ஒரே குறையைப் பத்து பேர் தனித்தனியாகச் சொன்னால் அது அந்த மாடலின் குறை. டெலிவரி தாமதம், நிறம் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் தள்ளுங்கள்.

ரொம்பவும் பழையதாகவும் போகக் கூடாது. பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்பது பெரும்பாலும் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும். நீங்கள் வாங்கிய நாள் கணக்கில் வராது. வந்து இரண்டு வருடமான போனை மலிவாக எடுத்தால் அதில் பாதி ஆயுள் ஏற்கெனவே ஓடியிருக்கும்.

8. எங்கே வாங்குவது

இந்தியாவுக்கென்று வந்த மாடலையே வாங்குங்கள். பர்மா பஜாரிலோ வெளிநாட்டிலிருந்து வருபவர் மூலமோ சீனாவுக்கான போன் மலிவாகக் கிடைக்கும். அதில் கூகுள் சேவைகள் முழுதாக இல்லாமல் இருக்கலாம், நம் ஊர் பேண்டுகள் விடுபட்டிருக்கலாம், இங்கே வாரண்டி கிடையாது. பேட்டரி மாற்ற வேண்டிய நாளில் பாகமும் கிடைக்காது.

ஆன்லைன் என்றால் விற்பவர் பெயரைப் பாருங்கள், ஓப்பன் பாக்ஸ் டெலிவரி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். டெலிவரி தம்பி முன்னால் பெட்டியைத் திறந்து, போனை ஆன் செய்து பார்த்த பிறகே ஓடிபி சொல்லுங்கள். சொல்லிவிட்டால் சரியாக வாங்கிக்கொண்டதாகப் பதிவாகிவிடும். கடை என்றால் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) அச்சிட்ட ஜிஎஸ்டி பில் வேண்டும். "பில் இல்லாம ஐநூறு குறைச்சுத் தர்றேன்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரண்டிக்குப் போகும்போதும், திருடு போய்ப் புகார் கொடுக்கும்போதும் அந்த பில்தான் பேசும்.

9. பெட்டி திறந்ததும்

பெட்டியின் சீல் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே திறங்கள். ஆன் செய்ததும் முதலில் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண், இப்படி டைப் செய்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் எந்தப் போனுடையது, கறுப்புப் பட்டியலில் உள்ளதா என்று பதில் வரும். பிராண்டின் தளத்தில் வாரண்டி தொடங்கிய தேதியையும் பாருங்கள். இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருந்தால் யாரோ ஏற்கெனவே ஆன் செய்த போன்.

அடுத்து ஒவ்வொரு பாகமாகச் சோதியுங்கள். ஷாவ்மி, ரெட்மி, போக்கோவில் *#*#6484#*#* அடித்தால் சோதனைப் பட்டியல் திறக்கும். ரியல்மி, ஒப்போவில் *#899#. மற்றவற்றில் கையாலேயே பார்க்கலாம்: இரண்டு சிம்மிலும் பேசிப் பாருங்கள், பேசும்போது காதருகே கொண்டு போனால் திரை அணைகிறதா, வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்தால் புள்ளியோ கோடோ தெரிகிறதா, மேப்பில் உங்கள் தெரு சரியாக வருகிறதா. சோதனை முடியும் வரை டெம்பர் ஒட்ட வேண்டாம், கவரும் போட வேண்டாம். கீறல் இருந்தால் தெரிய வேண்டும்.

10. முதல் ஏழு நாள் பேட்டரி சோதனை

ஆன்லைனில் வாங்கியவற்றுக்கு மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் ஏழு நாள். அதற்குள் முடித்துவிட வேண்டும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு, எட்டாம் நாள் வருபவர்கள்தான் அதிகம்.

முதல் இரண்டு நாள் தீர்ப்பு சொல்லாதீர்கள். அப்டேட் இறங்கும், வாட்ஸ்அப் பேக்கப் திரும்பும், போட்டோக்கள் ஏறும். போன் சூடாகத்தான் இருக்கும், சார்ஜும் சீக்கிரம் இறங்கும். எல்லா அப்டேட்டையும் போட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் இரவு படுக்கும் முன் சதவீதத்தைக் குறியுங்கள், வைஃபை ஆனில் இருக்கட்டும். காலையில் 3 முதல் 5 வரை குறைந்திருந்தால் நல்ல போன். 10-ஐத் தாண்டினால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் எந்தச் செயலி தின்றது என்று பாருங்கள். எதுவும் காட்டாமல் அவ்வளவு குறைந்தால் சந்தேகப்பட வேண்டும்.

நான்காம் நாள், பாதி வெளிச்சத்தில், வைஃபையில், ஒரு மணி நேரம் யூடியூப் ஓடவிடுங்கள். 5000 எம்ஏஎச் போனில் 6 முதல் 8 சதவீதம் போகும். 12-க்கு மேல் போனால் மறுநாள் திரும்பச் செய்து பாருங்கள். ஐந்தாம் நாள், பெட்டியில் வந்த சார்ஜரில் 10-லிருந்து 100 வரை ஏற எவ்வளவு நேரம் என்று பாருங்கள். கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டாலோ, ஒரே எண்ணில் நின்று திடீரென்று பத்து எண் தாவினாலோ பேட்டரியில் குறை இருக்கலாம்.

எல்லா எண்ணையும் நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "சார்ஜ் நிக்கல" என்று வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள், ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் பேச்சு மாறும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.

11. செட்டிங்ஸில் செய்ய வேண்டியவை

போனோடு சேர்ந்தே வந்த தேவையில்லாத செயலிகளை நீக்குங்கள், நீக்க முடியாததை முடக்குங்கள். லாக் திரையில் தினம் மாறும் விளம்பரப் படங்களை அணைத்துவிடுங்கள், பின்னணியில் டேட்டா இழுப்பது அதுதான். 5ஜி வராத ஊரில் நெட்வொர்க்கை 4ஜியில் வையுங்கள். சார்ஜை 80-இல் நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள், பேட்டரி நூறில் நிரம்பி நெடுநேரம் கிடப்பது நல்லதல்ல.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தப் போன்கள் சார்ஜை மிச்சப்படுத்தப் பின்னணிச் செயலிகளைக் கடுமையாக மூடும். வாட்ஸ்அப் செய்தி தாமதமாக வந்தால் அந்தச் செயலிக்கு ஆட்டோஸ்டார்ட் கொடுத்து, அதன் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். பேங்க் செயலிக்கும் இதையே செய்யுங்கள்.

12. பேட்டரி மாற்றும் நேரம்

இரண்டிலிருந்து மூன்று வருடத்தில் பேட்டரி தளரும். 20 சதவீதம் இருக்கும்போதே போன் அணைந்தால் நேரம் வந்துவிட்டது. சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுங்கள். பாதி விலையில் கிடைக்கும் நகல் பேட்டரிகளில் 6000 என்று அச்சிட்டிருந்தாலும் பாதி கூட நிற்காதவற்றை நான் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

பின் பேனல் லேசாகத் தூக்கியிருந்தாலோ, திரை ஓரத்தில் வெளிச்சம் கசிந்தாலோ, மேசையில் வைத்தால் போன் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நிமிடமே சார்ஜரைக் கழற்றிப் போனை அணையுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், மெத்தை மேலோ தலையணை அடியிலோ வைக்காதீர்கள். ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத திண்ணையில் விட்டுவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யுங்கள்.